மாஸ்டர் வீட்டு வண்டி

மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. அவர் திட்டுவதில்லை, கத்துவதில்லை, ஸ்டியரிங்கைப் பிடுங்குவதும் இல்லை. அதுதான் கொடுமை. பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சாலையை மட்டும் பார்த்தபடி, பாதித் தூக்கத்தில் இருப்பவர் மாதிரி ஒரே சுருதியில் பேசிக்கொண்டு வருவார். "கிளச்ச விடு. மெதுவா. இன்னும் கொஞ்சம். போதும்." எதிரே லாரி வந்தாலும் அதே குரல், சிக்னல் விழுந்தாலும் அதே குரல். ஓட்டுகிறவர் முகத்தை அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனவர்கள் பிறகு கடைத்தெருவில் எதிரே வந்து வணக்கம் வைத்தால், யாரென்று தெரியாமல் விழிப்பார். பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஒருவேளை அடையாளம் தெரியலாம்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. தான் ஓட்டுகிற மாதிரி யாருக்கும் கற்றுக்கொடுக்க மாட்டார். வருஷக்கணக்காக ஓட்டியதில் அவருக்கும் ஆயிரம் கெட்ட பழக்கம். ஒற்றைக் கையால் திருப்புவார், கண்ணாடியைப் பார்க்காமலே பின்னால் வருவதைக் கணக்குப் போடுவார். அதெல்லாம் தனியாக ஓட்டும்போது. பக்கத்தில் ஆள் இருந்தால் பத்து விரலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். "என் பழக்கம் என்னோட போகட்டும். நீ புத்தகத்துல இருக்கறதச் செய்" என்பார். நல்ல கொள்கைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த நல்ல கொள்கையால் ஒரு நாய் சாகக் கிடந்தது.

நாய் விவகாரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர் மனைவி. அந்த அம்மாவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. வாயைத் திறக்கவே பயப்படுகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, வாயை மூடத் தெரியாத ஜீவன்கள் மேல் ஆசை வந்ததோ என்னவோ. அடிபட்ட நாய்களை எடுத்து வைத்தியம் செய்கிற காப்பகம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. அங்கே இடம் போதாது. தேறிவரும் நாய்களைக் கொஞ்ச காலம் யாராவது வீட்டில் வைத்து, மருந்து கொடுத்து, மனிதர்களோடு பழக்கிவிட்டால், அப்புறம் நிரந்தரமாக ஒரு வீடு பார்த்து அனுப்பிவிடுவார்கள். அப்படிக் கொஞ்ச காலம் வைத்துக்கொள்கிற வீட்டுக்குக் காப்பகத்தார் வைத்த பெயர் தாய்வீடு. மாஸ்டர் அதைச் சத்திரம் என்று சொல்வார்.

தாய்வீடோ சத்திரமோ, அந்த அம்மா அதை ஒழுங்காக நடத்தினார். வருகிற நாய்க்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது முதல் சட்டம். "பேர் வெச்சா வேர் விட்டுடும். அப்புறம் பிடுங்கும்போது யார் அழறது?" என்பார். அதனால் அந்த வீட்டுக்கு வந்த நாய்கள் எல்லாம் புதுசு, கறுப்பு, சொறி, சத்தம் என்றே வந்து, நல்ல பெயர் கிடைக்கிற வீடுகளுக்குப் போயின. போகிற நாளில் மாஸ்டரே காரில் கொண்டுபோய் விடுவார். திரும்பி வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார். ஒருநாள்கூட ஒரு பிடி குறைத்துச் சாப்பிட்டதில்லை.

பின்னால் வண்டி என்று பேர் வாங்கிய நாய் வந்த கதை வேறு. நெடுஞ்சாலையில் ஏதோ வாகனம் அடித்துப் போட்டுவிட்டுப் போன நாய் அது. பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். உயிர் பிழைத்தது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் பிழைக்கவில்லை. பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி இழுபட்டன. காப்பகத்து டாக்டரம்மா அதைக் கையில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கியபடியே ஒரு விஷயம் சொன்னார். கால் போனது பெரிதில்லை, அதற்குச் சக்கரம் இருக்கிறது. இந்த நாய்க்குத் தானாகச் சிறுநீர் போகாது. பை நிரம்பியது அதற்கே தெரியாது. நாளுக்கு நாலு தடவை யாராவது வயிற்றைப் பிடித்து அழுத்தி வெளியே எடுக்க வேண்டும். மிச்சம் தங்கினால் சீழ் பிடிக்கும், அது சிறுநீரகத்துக்கு ஏறும், ஏறினால் முடிந்தது.

"இத எங்களால முடியாதுங்க" என்றார் மாஸ்டர்.

"அப்போ வேற எங்கயும் முடியாது" என்றார் டாக்டரம்மா. மிரட்டலாகச் சொல்லவில்லை, விவரமாகத்தான் சொன்னார்.

சாப்பாட்டு மேஜை மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு, நாயை நிறுத்தி, பின்னால் நின்று செய்து காட்டினார். இரண்டு உள்ளங்கையும் இரண்டு பக்கம். உள்ளே சின்ன ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒன்று தட்டுப்படும். பிழியக் கூடாது. வாலைப் பார்த்து நிதானமாகத் தள்ள வேண்டும். மாஸ்டரின் மனைவி முயன்றார், கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மாஸ்டர் முயன்றார், தட்டுப்பட்டது. பக்கத்து வண்டி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிற மனிதர், தோலுக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடிக்க மாட்டாரா? வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது ஒரு ரகம், கையைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் அவர்.

டிரைவிங் ஸ்கூல் மெக்கானிக், பழைய குழந்தை வண்டியின் இரண்டு சக்கரத்தையும் ஒரு வளைந்த குழாயையும் வைத்து, பின்னால் மாட்டுகிற மாதிரி ஒன்று செய்துகொடுத்தான். அதை மாட்டிக்கொண்டு அது தெருவில் இறங்கிய முதல் நாளே தெருவில் இருந்தவர்கள் "வண்டி வருது" என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவி முறைத்தார்.

"அது பேர் இல்ல, விவரம்" என்றார் மாஸ்டர்.

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள். வண்டி தெருமுனை வரை ஒரே ஓட்டம், திரும்பி வர ஒரே ஓட்டம். திருப்பத்தில் ஒரு சக்கரம் தூக்கும். மாஸ்டர் ஓரமாக நின்று, "பிரேக்கே இல்லாத வண்டி" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்வார். வலது காலால் தரையை அழுத்திக்கொண்டுதான் சொல்வார்.

மதியம்தான் சிக்கல். மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பார், மாஸ்டர் வகுப்பில் இருப்பார். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மதிய வகுப்புக்கு யார் வந்தாலும் காரை அவர் வீட்டுத் தெருவுக்கு ஓட்டச் சொல்வார். நெரிசலான சந்து, இரண்டு பக்கமும் வண்டி நிற்கும். அங்கே கொண்டுபோய் இடுக்கில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "இங்கயே இருங்க" என்று மாடி ஏறிப் போய்விடுவார். படித்தவரானால் என்ன, பெரிய அதிகாரியானால் என்ன, எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருஷம் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் ஊசி நுழைகிற இடத்திலும் காரை நுழைப்பார்கள் என்று பேர் வாங்கினார்கள். அந்தப் பேருக்குக் காரணம் ஒரு நாயின் மூத்திரம் என்று அவர்களுக்குத் தெரியாது.

மேலே போய் அவர் செய்ததற்கும் டாக்டரம்மா காட்டியதற்கும் நாளாக நாளாகச் சம்பந்தம் இல்லாமல் போயிற்று. மேஜையில் தூக்கி வைப்பதை விட்டார். குளியலறைத் தரையில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, வண்டியைத் தன் பக்கத்தில் அணைத்து நிறுத்திக்கொள்வார். இருவர் முகமும் எதிர்ச் சுவரைப் பார்த்திருக்கும். கை தன் வேலையைச் செய்யும், வாய் தன் வேலையைச் செய்யும். "மெதுவா. விடு. இன்னும் கொஞ்சம் இருக்கு. ம், விடு." இப்படிப் பேசுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. மூச்சு விடுகிறவன் மூச்சைக் கவனிப்பதில்லை.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. மழை ஈரத்தில் ஒருநாள் மாடிப்படியில் வழுக்கியது. கையில் வண்டி இருந்ததால் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. நாலைந்து படி உட்கார்ந்தபடியே இறங்கி, திருப்பத்தில் போய் நின்றார். வண்டிக்கு ஒன்றுமில்லை. மாஸ்டருக்கு முதுகு போயிற்று. இனிமேல் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மனைவி ஒல்லிப் பிறவி, வண்டியைத் தூக்கினால் யார் யாரைத் தூக்குகிறார்கள் என்று கேட்கும்படி இருக்கும். தரைத் தளத்தில் வீடு மாறலாமா என்று மாஸ்டர் ஒரு தடவை கேட்டார். மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை எந்த நாய்க்காகவும் மாஸ்டர் பாயைக்கூட மாற்றிப் போட்டதில்லை. மாஸ்டர் வேறு பேச்சு எடுத்தார்.

டாக்டரம்மா வீடு பார்த்துவிட்டார். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அவர் தங்கையும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஆக வேண்டிய வயதும் தாண்டிவிட்டது. தனி வீடு, முன்னால் தோட்டம், படி என்று சொல்ல வாசலில் ஒன்றே ஒன்று. தங்கை வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குப் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துகிறவர். நாள் முழுக்க வீட்டில் ஆள். அண்ணன் இன்னமும் அந்த அம்மாவைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. இதைவிட நல்ல வீடு வண்டிக்குக் கிடைக்காது என்று மாஸ்டரே சொன்னார்.

கற்றுக்கொடுக்கிற பொறுப்பும் அவருடையதுதான். இங்கேதான் கொள்கை வந்து குறுக்கே படுத்தது. கண்ணாடிக்காரர் வீட்டு மேஜையில் ரப்பர் விரிப்பைப் போட்டார். மெக்கானிக் தூக்கிவந்த வண்டியை அதன் மேல் நிறுத்தச் சொன்னார். டாக்டரம்மா சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார்: பின்னால் நில்லுங்க, இரண்டு உள்ளங்கை, வாலைப் பார்த்துத் தள்ளுங்க. மணை, தரை, சுவர் எதுவும் அவர் வாயில் வரவில்லை. அது அவர் பழக்கம், புத்தகத்தில் இல்லாதது. தங்கையின் கைக்குப் பை தட்டுப்பட்டது. கொஞ்சம் வரவும் செய்தது. "பரவாயில்லையே" என்றார் மாஸ்டர். விட்டுவிட்டு வந்தார், கை கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். பாதியில் எழுந்துவிட்டார். மனைவி பார்த்தும் பார்க்காத மாதிரி பாத்திரத்தை எடுத்துப்போனார்.

அடுத்த வாரமே போன் வந்துவிட்டது. வண்டிக்குக் காய்ச்சல். சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, தங்கை அழுத்த அழுத்த நாய் வயிற்றைக் கல்லாக இறுக்கிக்கொள்கிறது. காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் குழாய் விட்டு எடுத்ததில் ரத்தமும் சீழும் வந்தன. ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டரம்மா வண்டியை மறுபடி மூன்றாம் மாடிக்கே கொண்டுவந்தார்.

கதவைத் திறந்ததும் அது முன்னங்கால்களால் தரையை இழுத்து இழுத்து வந்து மாஸ்டர் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டது. மாஸ்டருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு ஜீவன் செத்துப் பிழைத்து வந்திருக்கிறதே என்கிற சந்தோஷம் இல்லை. என்னை விட்டால் அதற்கு ஆள் இல்லை பார் என்கிற சந்தோஷம். அது நல்ல சந்தோஷம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்து என்ன, வந்த சந்தோஷம் வந்ததுதான்.

டாக்டரம்மா உட்காராமல் நின்றபடியே பேசினார். "அவங்க பயந்து போயிருக்காங்க. அந்தம்மா இன்னும் ஒரு தடவை பாக்கறேன்னு சொல்றாங்க. அதுவும் சரிவரலைன்னா விட்டுடுவாங்க. நீங்க தூக்கவே கூடாது, எத்தனை நாள் இங்க வெக்க முடியும்? காப்பகத்துல ஒருத்தர் கைக்கு முப்பது நாய். நாலு வேளையும் இதுக்குன்னு உக்கார ஆளில்ல. இன்னொரு தடவை சீழ் பிடிச்சா இது தாங்காது."

மாஸ்டர் தலையாட்டினார். அவர் மனைவி, "அந்தம்மாவ இங்க வரச் சொல்லுங்க. இவர் செய்யறதப் பாக்கட்டும்" என்றார்.

தங்கை வந்தார். மாஸ்டர் பாடம் எடுக்கிற சட்டையோடு நின்றார். சாப்பாட்டு மேஜை, ரப்பர் விரிப்பு. வண்டியைத் தூக்கி வைத்தது தங்கை. மாஸ்டர் பின்னால் நின்று, உள்ளங்கை இரண்டையும் புத்தகத்தில் உள்ளபடி வைத்து அழுத்தினார். வண்டி கழுத்தைத் திருப்பி அவரை முழித்துப் பார்த்தது. வயிறு கல். ஒரு சொட்டு வரவில்லை. கொஞ்சம் தள்ளி அழுத்தினார், ஒன்றுமில்லை. அவர் காது மடல் சிவந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக ஒருவர் முன்னாலும் காரை நடுவழியில் ஆஃப் ஆக விடாத மனிதர்.

"உங்களுக்கே வரலையே மாஸ்டர்" என்றார் தங்கை. குத்திக் காட்டவில்லை, பாவம், அழுகை வருகிற குரலில்தான் சொன்னார். "எனக்கு எப்படி வரும்?"

அவர் போனதும் மாஸ்டர் வண்டியைத் துணி விரித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். மணையில் உட்கார்ந்தார், அணைத்துக்கொண்டார், சுவரைப் பார்த்தார். "என்ன இப்படி மானத்த வாங்கிட்ட" என்று ஆரம்பித்தவர் தன்னையறியாமல் பழைய சுருதிக்கு வந்தார். தாராளமாக வந்தது. கடைசிச் சொட்டு வரை வந்தது. நிமிர்ந்தபோது மனைவி வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார்.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. எப்பவும் போலத்தான்."

"மேஜை எங்க?"

அவர் தான் உட்கார்ந்திருந்த மணையைப் பார்த்தார்.

"ஆடுற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டப் பாடிக் கறக்கணும். இது உங்களோட பக்கத்துல உக்காந்து, நீங்க முணுமுணுக்கறதக் கேட்டுக்கிட்டே போற நாய். அந்தம்மாவ நீங்க பின்னால நின்னு ஊமையா அழுத்தச் சொல்லியிருக்கீங்க. எப்படிப் போகும்?"

"அது முறை இல்லைம்மா. என்னோட கோணப் பழக்கம்."

"அதுக்கு அதுதாங்க முறை." அவ்வளவுதான் சொன்னார். போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. அந்த அம்மாவும் மனுஷிதானே, அவருக்கும் நாய் கூடத்தில் கிடப்பது பிடித்திருந்தது.

மாஸ்டர் அன்று போன் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. தங்கை இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விஷயம் தானாகவே முடிந்துவிடும். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதானே. முதுகுக்கு ஒரு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டால் தூக்கிவிடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டார். வகுப்பில் ஒரு வங்கி ஊழியர் சிவப்பு சிக்னலில் நிற்காமல் போகப் பார்த்தார். மாஸ்டர் கால் பிரேக்குக்குப் போகத் தாமதமானது. அப்படி இதுவரை நடந்ததில்லை.

மதியம் வீட்டுக்குப் போனபோது வண்டி கதவடியில் கிடந்தது. முதுகு போனதிலிருந்து அதைத் தினமும் கீழே இறக்க ஆளில்லை; திரும்பி வந்த நாளிலிருந்து அது தெருவைப் பார்க்கவில்லை. சக்கரம் சுவர் ஓரத்தில் தூசி ஏறி நின்றது. கீழே யாரோ ஓடுகிற சத்தம் கேட்டு, நிற்கிற காது நிமிர்ந்தது. மூக்கைக் கதவிடுக்கில் வைத்து மூச்சை இழுத்தது. பிறகு திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, குளியலறையை நோக்கித் தானாகவே இழுத்துக்கொண்டு போனது. அவர் வந்தால் அதற்குத்தான் என்று அதற்குப் பழகிவிட்டது. இனி தன்னிடம் அதற்குக் கிடைக்கப்போவது அந்தக் குளியலறை மட்டும்தான் என்று மாஸ்டருக்கு உறைத்தது. வேலையை முடித்துக் கை கழுவிவிட்டு, ஈரக் கையோடே போனை எடுத்தார்.

"நான் உங்களுக்குத் தப்பாக் கத்துக் கொடுத்துட்டேன்மா" என்றார். அந்த வாக்கியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மெக்கானிக் வந்து வண்டியைத் தூக்கிக் காரில் வைத்தான். மாஸ்டர் மணையையும் எடுத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் வீட்டுக் குளியலறை பெரியது, மேலே ஒரு சின்ன ஜன்னல் தோட்டத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. தங்கையை மணையில் உட்கார வைத்து, வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மாஸ்டர் இன்னொரு பக்கம் தரையில் உட்கார்ந்தார்.

"அதப் பாக்காதீங்க. சுவரப் பாருங்க. கை இருக்கற இடத்துல இருக்கட்டும். இப்பப் பேசுங்க."

"என்ன பேசறது?"

"எதையாவது. ஏத்தம் இறக்கம் இல்லாம."

தங்கை தொண்டையைச் செருமினார். "நாய், நாய், நல்ல நாய்" என்றார். அவருக்கே வெட்கமாகிவிட்டது. வண்டி இறுகிக்கொண்டது. மாஸ்டர் பக்கத்திலிருந்து, "மெதுவா. விடு" என்றார். உடனே வந்தது. தங்கையின் கைக்குள்தான் வந்தது, ஆனால் மாஸ்டர் குரலுக்கு வந்தது. மாலையிலும் அதே கதை. அவர் பேசினால் வருகிறது, நிறுத்தினால் நிற்கிறது. வண்டியின் காது தங்கை பக்கம் திரும்பவே இல்லை.

"நான் சொன்னத அப்படியே சொல்லிப் பாக்காதீங்க" என்றார் மாஸ்டர். தங்கை அதற்குள் அவரைப் போலவே கட்டைக் குரலில் முயன்று தோற்றிருந்தார். "அது என் பேச்சு. நீங்க வேலை செய்யும்போது எப்படிப் பேசுவீங்க?"

"நான் எங்க பேசறேன்? பேப்பர வாய்விட்டுப் படிப்பேன், அவ்வளவுதான்."

"அதையே படிங்க."

தங்கை மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து மணைக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்தார். ஏதோ வாடகை ஒப்பந்தம், நூறு முறை படித்தாலும் யாருக்கும் கோபமோ சிரிப்போ வராத எழுத்து. மாஸ்டர் எழுந்துகொண்டார். எழுவதற்கு முதுகு இடம் கொடுக்கவில்லை, சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார்.

"நீங்க இருக்கக் கூடாதா?"

"நான் இருந்தா அது என்னத்தான் கேக்கும்."

வண்டி அவர் காலைப் பார்த்தது. அவர் குனியவில்லை, தடவவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். கூடத்தில் நின்றாலும் அதற்கு வாடை தெரியும் என்று தோட்டத்துக்கு வந்தார். கண்ணாடிக்காரர் அங்கே ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பாவனையில் ஒரே செடியை மூழ்கடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் விரலை உதட்டில் வைத்தார். இருவரும் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்கள்.

முதலில் வண்டி முனகியது. கதவுப் பக்கம் திரும்பியிருக்கும். பிறகு குரைத்தது, ஒரே ஒரு தடவை, எங்கே இருக்கிறாய் என்று கேட்கிற குரைப்பு. மாஸ்டர் வாயைத் திறந்துவிட்டார். உடனே மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார்.

தங்கையின் குரல் மெல்ல ஆரம்பித்தது. நடுங்கியது, நின்றது, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது. "வாடகைதாரர் காற்புள்ளி தமது சொந்தச் செலவில் காற்புள்ளி சுவர்களுக்கு வெள்ளையடித்து காற்புள்ளி வீட்டை ஒப்படைக்கும் நாளில் காற்புள்ளி இருந்தபடியே முற்றுப்புள்ளி." வாழ்க்கை முழுக்க அவர் அப்படித்தான் படித்து வந்திருக்கிறார். இரண்டாவது பத்திக்கு வந்தபோது நடுக்கம் போய்விட்டது. தன் எதிரே தாளும் பக்கத்தில் வேலையும் இருக்கிற ஆளின் குரல் அது. முனகல் குறைந்தது. நின்றது. கண்ணாடிக்காரர் கையில் இருந்த குழாயை மடித்து அடைத்தார்.

மூன்றாவது பத்தியின் நடுவில் குளியலறைத் தரையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சொட்டு இல்லை, சீராக, நிற்காமல். தங்கை படிப்பை நிறுத்தவில்லை, காற்புள்ளியோடு முற்றுப்புள்ளியோடு படித்துக்கொண்டே போனார். மாஸ்டர் தலையைக் குனிந்து அந்தச் சத்தம் முடிகிற வரை கேட்டார். மிச்சம் இல்லை. ஒரு சொட்டு மிச்சம் இல்லை. அவருக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியைத் தாங்க முடியாமலும் இருந்தது. கண்ணாடிக்காரர் அவர் தோளைத் தொட்டார்.

"மாஸ்டர்," உள்ளேயிருந்து தங்கை கூப்பிட்டார், சிரிப்பும் அழுகையும் கலந்த குரலில். "முழுசாப் போயிடுச்சு. எனக்கே போயிடுச்சு. மாஸ்டர், இருக்கீங்களா?"

அவர் ஜன்னலுக்கு நேர் கீழேதான் நின்றிருந்தார். பதில் சொல்லவில்லை. சொன்னால் வண்டிக்குக் கேட்டுவிடும்.